‘ஐ7’ சரி, எந்த வருடத்து ஐ7?

2024ஆம் ஆண்டின் பெரும்போக அறுவடை முடிந்து, கடனுக்குச் சாமான் எடுத்தவர்கள் கணக்குத் தீர்க்க வந்துகொண்டிருந்த நேரம். குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எவருக்கும் அந்த மூன்று நான்கு வாரங்களின் பெறுமதி தெரியும். விதைப்புக் காலத்தில் குழாய், தகரம், முட்கம்பி, மண்வெட்டி என்று கொப்பியில் எழுதிக் கொண்டுபோனவர்கள் நெல்லை விற்றதும் கையில் காசோடு வருவார்கள். அந்த நாட்களில் காசு வாங்குவதும் கணக்கை வெட்டுவதும்தான் எங்கள் வேலை.

அப்படியொரு நாள் எனக்கு நீண்டகாலமாகப் பழக்கமான பெரியவர் ஒருவர் கடை வாசலால் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டு, “மாமா, உங்கட கணக்கு இன்னும் நிலுவையில நிக்கிது. வசதிப்படேக்க பாருங்க” என்றேன். கூப்பிட்டதுதான் கூப்பிட்டேன், கடைக்குள் நாலு பேர் நிற்கிறார்களே என்று யோசித்துமிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார். “போன கிழமையே தந்துட்டனே தம்பி. நீங்க அந்தப் பெட்டியத்தான் பாத்துக்கொண்டிருந்தீங்க” என்றார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் காசு தந்த நேரம் கணனி இறுகிப் போய் நின்றது. மவுஸ் அசையவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு நான் சுவிட்சை நிறுத்திப் போட்டேன். மறுபடி அது எழும்பி வந்தபோது அவருடைய பதிவு அதில் இல்லை. பற்றுச்சீட்டும் அச்சாகவில்லை. கடை நிறைய ஆட்கள் நின்றபடியால் பிறகு எழுதலாம் என்று விட்டேன், மறந்தும் போனேன். தந்த காசை இரண்டாம் முறை கேட்ட வெட்கம் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. அவர் பெரிய மனது பண்ணி அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார். வேறொருவராக இருந்தால் எனது கடையின் பெயர் அன்றைக்கே சந்தியில் நின்றிருக்கும்.

இத்தனைக்கும் அது லேசான கணனி அல்ல. “ஐ7” கணனி! 2022 டிசம்பரில் 78,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 வரை ஏறிய வருடம். புதுக் கணனியின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. அப்படியிருக்க, வெளியூர்க் கடையொன்றில், “ஹாஜியார், இது ஐ7. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று சொல்லித் தந்தார்கள். பெட்டி பளபளவென்று புதிதாக இருந்தது. பில்லில் “ஐ7 கணனி - 1” என்று மட்டும் எழுதியிருந்தது. நானும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பெரியவரின் விடயம் நடந்த அன்றிரவு எனது தங்கையின் மகனைக் கூப்பிட்டேன். கணனி திருத்தும் வேலை தெரிந்தவன். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. திரையில் இரண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, பொய் சொல்லல்ல. இது ஐ7தான். ஆனா 2011ல வந்த ஐ7.”

இந்தக் கட்டுரையின் விடயம் அவன் சொன்ன அந்த ஒரு வரிதான். எங்கள் வியாபாரிகளில் கணனி வாங்கப் போகிறவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் “ஐ எத்தனை?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். நானும் அப்படித்தான் போய் வந்தேன். சீமெந்து மூடையில் தயாரித்த திகதியைப் பார்க்காமல் ஒரு மூடையையும் இறக்க விடாத ஆள் நான். கம்பிக்குக் கூட அளவுகோல் வைத்துப் பார்ப்பவன். கணனி வாங்கப் போன இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாட்வெயார் வியாபாரியே கணனி ஹாட்வெயாரில் ஏமாந்தான் என்று மருமகன் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறான்.

புரொசசர் என்பது கணனியின் வேலையாள். எல்லாக் கணக்கையும் செய்வது அந்தத் தீப்பெட்டியளவுச் சில்லுத்தான். உலகத்தில் டெஸ்க்டொப் கணனிகளுக்கு இதைப் பெரும்பாலும் இரண்டு கம்பனிகள் விற்கின்றன. ஒன்று இன்டெல், மற்றது ஏ.எம்.டி. இன்டெல் 2008 இறுதியில் ‘கோர் ஐ7’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. 2009இல் ஐ5, 2010இல் ஐ3 வந்தன. 3, 5, 7 என்பவை ஒரே வருடத்துச் சரக்குக்குள் மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று பிரிப்பதற்கான இலக்கங்கள். சுருங்கச் சொன்னால் அந்த வருட நெல்லில் நாடு, சம்பா என்று பிரிப்பது மாதிரி. நெல் எந்த வருடத்து அறுவடை என்று அந்தப் பெயர் சொல்லாது. அதைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வருகிற இலக்கம்தான்.

எனது கணனியில் இருந்தது ஐ7-2600. கோட்டுக்குப் பின்னால் முதல் இலக்கம் 2, ஆகவே இரண்டாம் தலைமுறை. 2011 ஜனவரியில் வந்தது. ஐ5-8500 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. ஐ3-12100 என்றிருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை, அதாவது 2022 ஜனவரியில் வந்த சரக்கு. டெஸ்க்டொப்பில் நான்கு இலக்கம் என்றால் முதல் ஒன்று, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. இவ்வளவுதான் கணக்கு. இதற்குப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

இப்போது அந்த ஐ7-2600ஐயும் ஐ3-12100ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர்கள், அதாவது ஒரு சில்லுக்குள் நான்கு வேலையாட்கள். பழைய ஐ7இன் அடிப்படை வேகம் 3.4 கிகாஹேர்ட்ஸ், புதிய ஐ3இனது 3.3. அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் பழையதுதான் மேல் என்று எந்த வியாபாரியும் சொல்வார். ஆனால் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தால் புதிய ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முடிக்கிறது. நான்கு கோர்களும் சேர்ந்து செய்யும் வேலையில் அதற்கும் மேல். ஒரு துடிப்பில் எத்தனை வேலை முடிகிறது என்பதே பத்து வருடத்தில் மாறிவிட்டது. மின்சாரமும் குறைவு. பழையது 95 வோட் என்று கணக்கிடப்பட்டது, புதியதன் அடிப்படை 60 வோட்.

இந்த எண் மயக்கம் எமக்குப் புதிதுமல்ல. பென்டியம் 4 காலத்தில் எல்லோரும் “எத்தனை கிகாஹேர்ட்ஸ்?” என்று கேட்டோம். இன்டெல்லும் 3.8 வரை ஏற்றிக்கொண்டு போய், சூடு தாங்காமல், 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை 2004இல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ மூன்றுக்கும் குறைந்த கிகாஹேர்ட்ஸில் ஓடிக்கொண்டே அந்தப் பென்டியங்களை முந்தியது. அப்போது எமது கேள்வி செல்லாக்காசாகிவிட்டது. அந்த இடத்துக்கு “ஐ எத்தனை?” வந்து உட்கார்ந்தது. வாங்குபவர் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்பார் என்று தெரிந்தால், விற்பவர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நல்ல பதில் வைத்திருப்பார். இதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் மிகப் புதியதை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? மருமகனிடம் நான் இதைத்தான் கேட்டேன். அவன் சொன்னவற்றையும், பிறகு நானாகத் தேடி வாசித்தவற்றையும் எனது கடை மொழியில் சொல்கிறேன்.

2021 நவம்பரில் கடைகளுக்கு வந்த பன்னிரண்டாம் தலைமுறையோடு இன்டெல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. அதுவரைக்கும் ஒரு டெஸ்க்டொப் சில்லுக்குள் இருந்த கோர்கள் எல்லாம் ஒரே பலம். அதற்குப் பிறகு இரண்டு வகை. பாரமான வேலைக்குப் பெரிய கோர்கள், சில்லறை வேலைக்குச் சிறிய கோர்கள். எமது கடையில் சீமெந்து இறக்க இரண்டு நாட்டாமை இருக்கிறார்கள். ஆணி நிறுக்க, வாளி எடுத்துக் கொடுக்க இரண்டு பொடியன்கள். நாட்டாமையை ஆணி நிறுக்க விட்டால் கூலி நட்டம், பொடியனிடம் மூடையைக் கொடுத்தால் முதுகு போய்விடும். எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துப் பிரிக்க ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். கணனியில் அந்தக் கணக்கப்பிள்ளை விண்டோஸ். விண்டோஸ் 11 இந்தப் பிரிப்பை நன்றாகச் செய்கிறது. இதில் ஒரு வேடிக்கை, நான் மேலே சொன்ன ஐ3-12100இல் சிறிய கோர்கள் கிடையாது. நான்கும் நாட்டாமைதான். சிறிய கடைக்கு அது போதும்.

2024 ஒக்டோபரில் வந்த ‘கோர் அல்ட்ரா 200எஸ்’ வரிசையில் பெயரையே மாற்றிவிட்டார்கள். ‘ஐ’ போய்விட்டது. கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று வருகிறது. உச்சியில் உள்ள 285கே என்ற சில்லில் 8 பெரிய கோர், 16 சிறிய கோர், மொத்தம் 24. ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குச் சாமான் வரும்வரை மற்றதைப் பார்க்கிற ஏற்பாடொன்று நீண்டகாலமாக இன்டெல்லில் இருந்தது. ஹைப்பர் த்ரெடிங் என்பார்கள். இந்த வரிசையில் அதை எடுத்துவிட்டார்கள். மின்சாரம் குறைந்தது உண்மை. ஆனால் விளையாட்டுச் சோதனைகள் பலவற்றில் முந்திய வருடத்து 14ஆம் தலைமுறை இதை விட வேகமாக ஓடியது. புதியது எல்லாவற்றிலும் பழையதை வெல்லும் என்பது இதில் நடக்கவில்லை. அதோடு இதற்கு வேறு மதர்போர்ட், டி.டி.ஆர்.5 வகை ரேம் மட்டும்தான். பழையதிலிருந்து கழற்றிப் போட ஒன்றும் மிஞ்சாது.

ஏ.எம்.டி. பக்கத்தில் ரைசன் 7000 வரிசை 2022 செப்டெம்பரிலும் 9000 வரிசை 2024 ஓகஸ்டிலும் வந்தன. இரண்டும் ஏ.எம்.5 என்ற ஒரே வகை மதர்போர்டில் பொருந்தும். இது எனக்குப் பிடித்த விடயம். இதற்கு முந்திய ஏ.எம்.4 மதர்போர்ட் வகையில் 2017இன் முதல் ரைசனும் பொருந்தியது, 2020இல் வந்த 5000 வரிசையும் பொருந்தியது. (எல்லாப் பழைய மதர்போர்டிலும் அல்ல, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.) பம்பை வாங்கியவர் பிறகு மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருப்பது நல்ல சாமானுக்கு அடையாளம். இன்டெல் இந்த விடயத்தில் வாடிக்கையாளரை அடிக்கடி முழுப் பம்பையும் மாற்ற வைக்கிறது.

புதிய சில்லுகளில் இப்போது அதிகம் விளம்பரப்படுத்துவது செயற்கை நுண்ணறிவு. அதற்கென்று என்.பி.யூ. என்ற தனிப் பகுதி வைக்கிறார்கள். கோர் அல்ட்ரா 200எஸ்ஸில் அதன் வலு 13 ‘டொப்ஸ்’ என்கிறார்கள். ஆனால் மைக்ரோசொப்ட் தனது ‘கோபைலட் பிளஸ்’ என்ற முத்திரைக்குக் கேட்பது 40. ஆகவே முத்திரைக்கு அளவு போதாத ஒரு சாமானுக்கும் ‘ஏ.ஐ.’ என்று ஒட்டி வருகிறார்கள். பில் அடிக்கவும், கடன் கொப்பி வைக்கவும், ஒரு கடிதம் தட்டவும் இந்தப் பகுதி எதற்கும் தேவையில்லை. வீட்டில் படம் வெட்டி ஒட்டுகிற, வீடியோ செய்கிற பிள்ளை இருந்தால் அது வேறு கதை, அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லத்தான் வேண்டும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைகள் 2022, 2023 ஒக்டோபர் மாதங்களில் வந்தன. அவற்றின் உயர்ரக டெஸ்க்டொப் புரொசசர்கள் சில, வாங்கியவர்களின் கையிலேயே காரணமில்லாமல் நின்று போகத் தொடங்கின. தேவைக்கு அதிகமான வோல்டேஜை அவை தாமே கேட்டு எடுத்துக் காலப்போக்கில் பழுதாகின்றன என்று 2024இல் கம்பனியே ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் திருத்த மென்பொருள் விட்டது, உத்தரவாதத்தை இரண்டு வருடத்தால் கூட்டியது. மென்பொருள் இனிமேல் பழுதாவதைத்தான் தடுக்கும், பழுதானதைத் திருத்தாது. ஆகவே யாராவது அந்தத் தலைமுறைகளின் ஐ7, ஐ9ஐ நீங்கள் எதிர்பாராத மலிவில் தந்தால், ஏன் மலிவு என்று இரண்டு தரம் கேளுங்கள்.

எழுத்துக்களையும் கவனியுங்கள். இலக்கத்தின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை, தனியாக ஒரு கார்ட் வாங்கியே ஆகவேண்டும். ‘கே’ என்றால் வேகத்தைக் கூட்டி விளையாடுகிறவர்களுக்கு, எமக்குத் தேவையில்லை. ஏ.எம்.டி.யில் ‘ஜி’ என்றால் நல்ல படப்பகுதி உள்ளேயே உண்டு. ‘எஃப்’ பற்றித் தெரியாமல் புரொசசரை மலிவாக வாங்கிவிட்டு, பிறகு கார்டுக்கு அந்த மலிவைப் போல் இரண்டு மடங்கு கொடுத்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவரும் இந்தப் பத்திரிகை வாசிப்பவர்.

இப்போது எனது கணனிக்குத் திரும்பி வருகிறேன். இறுகி நின்றதற்குக் காரணம் பழைய ஐ7 என்றுதான் நான் நினைத்தேன். மருமகன் இல்லை என்றான். உள்ளே சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க், அதுவும் பழுதாகிக்கொண்டிருந்தது. ரேம் 4 ஜி.பி. மட்டும். புரொசசரை கவுண்டரில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொண்டால், ரேம் அவருக்குப் பின்னால் உள்ள ராக்கை, டிஸ்க் பின்பக்கத்து ஸ்டோர். ராக்கை சிறியதாகவும் ஸ்டோரின் கதவு துருப்பிடித்தும் இருந்தால் கவுண்டரில் எவ்வளவு சுறுசுறுப்பான ஆளை வைத்தும் என்ன பயன்? பெரியவரின் பதிவை விழுங்கியது அந்தத் துருப்பிடித்த கதவுதான். எஸ்.எஸ்.டி. என்கிற சுழலாத டிஸ்க் ஒன்றும் இன்னொரு 4 ஜி.பி. ரேமும் போட்டுத் தந்தான். பெரிய செலவில்லை. அதே 2011 ஐ7 அடுத்த ஒன்றரை வருடம் ஒரு நாளும் இறுகாமல் பில் அடித்தது! அதனால்தான் சொல்கிறேன், கணனி மெதுவாகிவிட்டது என்று புதியது வாங்க ஓடுவதற்கு முன் டிஸ்க்கையும் ரேமையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதையும் மாற்ற வேண்டி வந்தது வேறொரு காரணத்தால். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தன. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் கொடுத்தார்கள். விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்றுவதென்றால் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். எனது ஐ7-2600 அந்தக் கோட்டுக்கு ஆறு தலைமுறை கீழே. வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிற, மின்னஞ்சலில் விலைப்பட்டியல் எடுக்கிற ஒரு கணனியைக் காவல் இல்லாமல் இன்டர்நெட்டில் விட எனக்கு மனம் வரவில்லை.

இந்த எட்டாம் தலைமுறைக் கோடுதான் இப்போது முக்கியமானது. ஏனென்றால் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணனிகள் கொள்கலனில் வந்து இறங்கி, துடைத்து, புதுப் பெட்டியில் ஏறி எமது ஊர்களுக்கும் வருகின்றன. அதில் பிழை இல்லை. நானும் பழைய தகரம் விற்றவன்தான். நல்ல அலுவலகக் கணனி மலிவாகக் கிடைப்பது ஏழை வியாபாரிக்கு உதவி. ஆனால் கோட்டுக்குக் கீழே உள்ளவற்றைத்தான் அந்த அலுவலகங்கள் இப்போது முதலில் கழிக்கின்றன. சிலர் தடையைக் குறுக்கு வழியால் தாண்டி அவற்றிலும் விண்டோஸ் 11 ஏற்றி, “பாருங்க, லெவன் ஓடுது” என்று காட்டுகிறார்கள். ஓடும். அப்படிப்பட்ட கணனிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் பொறுப்பில்லை.

அப்போது வேறொரு அவசரமும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் ரேம் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025இன் கடைசி மாதங்களில் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரோன் கம்பனி, ‘குருஷியல்’ என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு ரேம் விற்ற வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மொத்த வியாபாரத்தில் நல்ல விலை கிடைத்தால் சில்லறைக் கதவைச் சாத்துகிற முதலாளியை நாங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறோம். புதிய வரிசைகளுக்கு டி.டி.ஆர்.5 ரேம் கட்டாயம் என்பதால் அவற்றின் உண்மையான விலையில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் எடுத்தது ஐ3-12100. பழைய வகை டி.டி.ஆர்.4 ரேம் பொருந்துகிற மதர்போர்ட், 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. திரையும் பிரின்டரும் பழையதே. ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் போனது. அதைவிட மலிவாக எட்டாம் தலைமுறை ஐ5 அலுவலகக் கணனியொன்றும் கிடைத்தது, அதையும் பார்த்தேன். மோசமில்லை. கையில் காசு குறைவென்றால் அதுவே போதும் என்று மருமகன் சொன்னான். மிச்சம் பிடித்த காசில் ஒரு நல்ல யூ.பி.எஸ். வாங்கினேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதையும் பார்த்தோம். எந்தத் தலைமுறைப் புரொசசரும் கரண்ட் இல்லாமல் கணக்கு எழுதாது.

இனி விற்பவர்களோடு ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களில் கணனி, தொலைபேசிக் கடை வைத்திருக்கும் எமது இளைஞர்கள் நிறையப் பேர். பில்லில் முழு இலக்கத்தையும் எழுதுங்கள். “ஐ7” என்று அல்ல, “ஐ7-2600, பாவித்தது” என்று. ரேம் எத்தனை, டிஸ்க் எந்த வகை, விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா ஏறாதா என்பதையும் எழுதுங்கள். பேனாவுக்கு ஒரு வரி மை. இதைச் சொன்னபோது கணனி விற்கும் நண்பர் ஒருவர் கோபப்பட்டார். “நானா, வாறவன் எல்லாம் ஐ7 இருக்கா, விலை என்ன எண்டுதான் கேக்கிறான். நான் உண்மையச் சொல்லி ஐ3ஐக் காட்டினா அடுத்த கடைக்குப் போறான்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. வாங்குபவரின் அறியாமைக்கு விற்பவர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்?

ஆனாலும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எனது கடைக்கு வருகிறவருக்கும் 10 மில்லிமீற்றர் கம்பிக்கும் அதைவிட மெல்லியதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மெல்லியதைப் பத்து என்று விற்றால் அடுத்த கடையை விட விலை குறைத்தும் கொடுக்கலாம். அவர் வீட்டுத் தட்டுப் போட்டு முடிக்கும்வரை ஒருவருக்கும் தெரியவராது. குறையை மறைத்து விற்பது பற்றி ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அது கம்பிக்கு ஒரு சட்டம் கணனிக்கு ஒரு சட்டம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு ஊரில் இப்போது பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். வாப்பா வாங்கி வந்த பெட்டியை மகன் திறந்து பார்க்கிற காலம். எனக்கு மருமகன் சொன்னதை இன்னொரு வீட்டில் இன்னொரு மகன் சொல்வான், கடையின் பெயரோடு சேர்த்து.

வாங்குபவர்களுக்கும் வேலை இருக்கிறது. காசு கொடுக்கும் முன் கணனியைப் போடச் சொல்லுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் எபவுட் என்று போனால் புரொசசரின் முழுப் பெயரும் இலக்கமும் ரேமின் அளவும் திரையில் வரும். உங்கள் தொலைபேசியில் அதை ஒரு படம் பிடித்து, தெரிந்த பிள்ளை ஒருவருக்கு அனுப்பிப் பதில் வரும்வரை கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். அதற்கு இடம் தராத கடையில் வாங்க வேண்டாம்.

பழைய ஐ7 இப்போது எனது ஸ்டோரில் இருக்கிறது. இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டோம். எத்தனை மூடை இறங்கியது, எத்தனை ஏறியது என்று பொடியன் அதில் பதிகிறான். அந்த வேலைக்கு அது இன்னும் சில வருடம் ஓடும் போலிருக்கிறது. கவுண்டரில் உள்ள புதுப் பெட்டியின் பக்கத்தில் அதன் பில்லை ஒட்டி வைத்திருக்கிறேன், முழு இலக்கத்தோடு. பெரியவர் போன சிறுபோகத்துக்குப் பிறகு வந்து கணக்குத் தீர்த்தபோது பற்றுச்சீட்டு அச்சாகி வரும்வரை நின்றார். நானும் கடன் கொப்பியை எடுத்து அதிலும் அவர் முன்னாலேயே வெட்டினேன்.